கண்ணுக்குத் தெரியாத களை
வேலையிலும் சேவையிலும் வீண் நீக்கும் முறை

உழவன் தன் வயலில் களையைக் கண்டால் பொறான். பயிருக்கு இட்ட எருவிலும் பாய்ச்சிய நீரிலும் களை பங்கு கொள்ளும் என்பதை அவன் நன்கறிவான். ஆனால் களை வயலில் மட்டும் முளைப்பதன்று. களத்துமேட்டிலும், விதைக் கிடங்கிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கிராம அலுவலகத்திலும் அது முளைக்கின்றது. அங்கே அதற்குக் காத்திருத்தல், அலைதல், தேடுதல், செய்ததையே திரும்பச் செய்தல் எனப் பல பெயர்கள் உண்டு. கண்ணுக்குப் புலப்படாமையால் அதனை எவரும் பிடுங்குவதில்லை. பயிருக்கு உரிய நாட்களை அது மெல்லத் தின்றுவிடுகின்றது. இவ்விதக் களையைக் கண்டறிந்து நீக்குவதற்கென்று ஜப்பான் தேசத்தில் உருவாகி, இன்று பல தேசங்களிலும் தொழிற்சாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் கையாளப்பட்டுவரும் ஒரு முறையைப்பற்றி நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

முறை பிறந்த வரலாறு

இம்முறையின் வேர் ஒரு நெசவுத் தறியில் உள்ளது. சகிச்சி டொயோடா என்பவர் ஜப்பானில் 1867-ம் வருஷத்தில் ஒரு தச்சரின் குமாரராகப் பிறந்தவர். 1924-ம் வருஷத்தில் அவர் பூர்த்தி செய்த தானியங்கித் தறியானது, பாவு நூல் அறுந்தாலும், ஊடை நூல் தீர்ந்தாலும் தானே நின்றுவிடும். இவ்வமைப்பு இல்லாத தறியோ, நூல் அறுந்த பின்னும் ஓடிக்கொண்டேயிருக்கும். துணி கெட்ட பிறகே குற்றம் தெரியவரும். ஆகவே அத்தகைய தறியை ஆள் காவலிருந்து கவனிக்க நேர்ந்தது. தவறு நிகழ்ந்த அக்கணமே வேலை நிற்குமாயின் கெட்ட சரக்கு உண்டாகாது, ஆளும் காவல் நிற்க வேண்டுவதில்லை என்பதே அத்தறி கற்பித்த பாடம். 1929-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்துப் பிளாட் சகோதரர் கம்பெனியார் இத்தறியின் உரிமையைப் பெற உடன்படிக்கை செய்துகொண்டனர்.

அவருடைய குமாரர் கிச்சிரோ டொயோடா 1937-ம் வருஷத்தில் டொயோட்டா மோட்டார் கம்பெனியை நிறுவினார். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின்னர் அக்கம்பெனிக்குப் பண நெருக்கடி உண்டாயிற்று. 1950-ம் வருஷத்தில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்து, கிச்சிரோ தலைமைப் பதவியினின்றும் விலக நேர்ந்தது. கடன் வாங்கிச் சாமான்களைக் குவித்துவைத்து, விற்கும்வரை காத்திருக்க அக்கம்பெனிக்குச் சக்தியில்லை. வேண்டிய பொருளை, வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் மட்டும் செய்வது என்னும் கொள்கை அவர்களுக்கு வறுமை கற்பித்த சிக்கனமேயாகும்.

இக்கொள்கையைத் தொழிற்சாலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் தாயிச்சி ஓனோ என்பவர். அமெரிக்காவின் பெரிய மளிகைக் கடைகளில் வாங்குவோர் தமக்கு வேண்டியதைத் தாமே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வதும், எடுத்த அளவே மீண்டும் நிரப்பப்படுவதும் அவர் கருத்தைக் கவர்ந்தன. அவ்வண்ணமே, பின்னுள்ள வேலைக்காரர் எடுத்த அளவே முன்னுள்ளவர் செய்யும்படி, ஒரு சீட்டின் மூலம் ஏற்பாடு செய்தார். அச்சீட்டிற்குக் கான்பான் என்பது பெயர்.

பிற்காலத்தில் இம்முறையை ஆராய்ந்த அமெரிக்கர்கள் இதற்கு ‘லீன்’ என்று பெயரிட்டனர். அப்பெயர் 1988-ம் வருஷத்தில் ஜான் கிராப்சிக் என்பவர் எழுதிய கட்டுரையில் முதன்முதல் வந்து, 1990, 1996-ம் வருஷங்களில் வெளியான நூல்களால் பரவிற்று. லீன் என்பதற்கு ஊளைச்சதை அற்றது என்று பொருள் கொள்ளலாம். நோஞ்சான் என்று பொருள் கொள்ளலாகாது. ஏர்மாடு கொழுத்துப் பருத்திருந்தாலும் உழாது, எலும்பும் தோலுமாயிருந்தாலும் உழாது. உழைப்புக்கு ஏற்ற கட்டான உடலே வேண்டுவது.

வீண் எழுவகை

ஒரு வேலையில் எந்தப் பகுதி பெறுபவருக்குப் பயன் தருகிறதோ, அதுவே வேலை. ஏனைய பகுதி செய்பவருக்கு எவ்வளவு வியர்வையை வரவழைப்பினும் வீணேயாம். இவ்வீணை ஜப்பானியர் ‘மூடா’ என்பர். ஓனோ இதனை ஏழு வகையாகப் பிரித்தார். நம் வயலிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் உதாரணங்களோடு அவற்றைக் கீழே காண்க.

1. மிகையாகச் செய்தல்: ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதுமென்றிருக்க, ‘இருக்கட்டும்’ என்று 12 சென்ட் விடுதல். மிஞ்சிய நாற்று மாட்டுக்குப் போகும். அதற்கான விதை, எரு, நீர், பறிகூலி யாவும் நஷ்டம். ஓனோ இதனையே ஏழிலும் கொடியதாகக் கருதினார். ஏனைய வீண்கள் பலவற்றிற்கு இதுவே தாய்.

2. காத்திருத்தல்: ஆட்கள் வந்த பின்னர் நாற்றுமுடி வருதல், மனுதாரர் வந்த பின்னர் பதிவேட்டைத் தேடுதல்.

3. சுமந்து திரிதல்: எருவை முதலில் வீட்டுக் கொல்லையிலும், பின்னர்க் களத்திலும், அதன்பின் வயலிலும் இறக்கி மூன்று முறை கூலி கொடுத்தல்.

4. வேண்டாத வேலை செய்தல்: ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதுதல், எவரும் படிக்காத நகல் கேட்டல்.

5. அளவுக்கு மேல் இருப்பு வைத்தல்: முளைப்புத்திறன் குன்றும்வரை விதையையும், கட்டிதட்டும்வரை உரத்தையும் அடுக்கி வைத்தல்.

6. உடலை வீணே அசைத்தல்: மண்வெட்டியும் அரிவாளும் வைத்த இடம் தெரியாமல் தினந்தோறும் தேடுதல்.

7. பிழையும் திருத்தமும்: சர்வே எண்ணைத் தவறாக எழுதி, விவசாயியை மறுபடி வரச் செய்தல்.

பின்வந்தோர் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தனர். வேலை செய்பவரின் அறிவைக் கேட்டறியாது விடுதலே அது. நாற்பது வருஷம் மடை பார்த்தவரிடம் எந்த வாய்க்கால் எங்கே கசிகிறதென்று ஒரு நாளும் கேளாதிருப்பது, கையிலுள்ள செல்வத்தைப் புதைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

‘ஏன்’ என்று ஐந்து முறை

வீண் கண்ணுக்குப் பட்டவுடன் எவரையேனும் குறை கூறி முடித்துவிடுவது மனித இயல்பு. டொயோட்டா முறையிலோ ஒரு தவறு நேர்ந்தால், ‘எவர்’ என்று கேட்பதற்குப் பதில் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் பழக்கம் கற்பிக்கப்படுகின்றது. ஓர் உதாரணம் காண்போம்.

நடவு ஆட்கள் வரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கின்றனர். ஏன்? நாற்றுமுடி வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை? பறிப்பு மெல்ல நடக்கின்றது. ஏன் மெல்ல நடக்கின்றது? நாற்றங்கால் காய்ந்து இறுகியிருப்பதால் வேர் அறுகின்றது. ஏன் காய்ந்தது? முந்தின நாள் அதற்கு நீர் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை? மறுநாள் நடவு என்பதை நீர் பாய்ச்சுபவருக்கு எவரும் சொல்லவில்லை.

முதற் கேள்வியோடு நின்றிருந்தால் பறிப்பவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியிருப்போம்; அடுத்த நடவிலும் அதுவே நிகழும். ஐந்தாவது கேள்வியில்தான் பரிகாரம் கிடைக்கின்றது. நடவுக்கு ஆள் சொல்லும்போதே நீர் பாய்ச்சுபவருக்கும் சொல்லுதல் என்னும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினால் போதும். இதற்குக் காசு செலவில்லை.

நெல் வயலில் இம்முறை

இது தொழிற்சாலைக்கே ஏற்றது, மழையையும் வெயிலையும் நம்பிய விவசாயத்திற்கு ஏலாது என்று சிலர் கூறக்கூடும். டொயோட்டா கம்பெனியாரே இதனை நெல் வயலில் சோதித்துள்ளனர். ஜப்பானில் முதியோர் பலர் தம் சிறு நிலங்களை விவசாய நிறுவனங்களிடம் ஒப்படைத்துச் சாகுபடி செய்விக்கின்றனர். ஆகவே ஒரு நிறுவனம் பல இடங்களில் சிதறிய எண்ணிறந்த கண்டங்களைக் கவனிக்க வேண்டியதாகின்றது. எந்த வயலில் எந்த வேலை முடிந்தது, எது மீதம் என்பது சிலருடைய ஞாபகத்தில் மட்டும் இருந்தால் குழப்பம் உண்டாவது இயல்பு. 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஐச்சி, இஷிகாவா ஆகிய மாகாணங்களிலுள்ள 9 நெல் சாகுபடி நிறுவனங்களில், அன்றன்று எவர் எந்த வயலுக்குச் சென்று என்ன செய்ய வேண்டும் என்பதைக் கைப்பேசியில் காட்டும் ஓர் ஏற்பாட்டை அக்கம்பெனியார் தொடங்கினர். அதன் பெயருக்கு ‘நல்விளைச்சல் திட்டம்’ என்று பொருள் கூறலாம். வேலையின் நிலை எல்லோருடைய கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே இதன் சாரம். கைப்பேசி இல்லாவிடில் களத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இவ்வேலையைச் செய்யும்.

மதுரையில் ஒரு சான்று

சேவையில் இக்கருத்து எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. விவசாயக் குடும்பத்திற் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் சர்க்கார் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற பின்னர், 1976-ம் வருஷத்தில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ‘லீன்’ என்ற பெயர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. புரை விழுந்து பார்வையிழந்த ஏழைகள் எண்ணிறந்தோர்; சிகிச்சை செய்யத் தேர்ந்த வைத்தியர்களோ சிலர். ஆகவே வைத்தியரின் நேரத்தில் ஒரு நிமிஷமும் வீணாகலாகாது என்று வேலை பிரிக்கப்பட்டது. அறுவை அறையில் இரண்டு மேஜைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கையிலேயே அடுத்தவரைச் செவிலியர்கள் ஆயத்தம் செய்து வைப்பர். முதலாவது முடிந்ததும் வைத்தியர் பக்கத்து மேஜைக்குத் திரும்புவார். பார்வையைச் சோதித்தல், அளவெடுத்தல் முதலிய பணிகளைப் பயிற்சிபெற்ற பெண்கள் செய்வர். அவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வைத்தியர் ஒருவரே செய்யக்கூடியதை மட்டும் வைத்தியர் செய்வார். பணம் கொடுப்போரிடம் பெற்ற வருமானத்தைக்கொண்டு, கொடுக்க இயலாதோர் அநேகருக்கு இலவசமாகவும் சிகிச்சை அளிக்க இதனால் முடிந்தது. நேரத்தை மிச்சப்படுத்துவது பணத்திற்காக மட்டுமன்று, அதனால் ஒருவர் கண் திறக்கவும் கூடும் என்பதற்கு இது அழியாச் சான்று.

ஒரு சிறு கணக்கு

இனி நம் அலுவலகத்திற்கு வருவோம். பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்குகின்றது. சாகுபடிச் சான்று பெற 40 விவசாயிகள் வர வேண்டும். ஒருவருக்குப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கையொப்பமிட 10 நிமிஷம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே காலையில் வந்துவிட்டால், முதலாமவர் காத்திருக்க வேண்டுவதில்லை. நாற்பதாமவர் ஆறரை மணி நேரம் காத்திருப்பார். நாற்பது பேரும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 130 மணி நேரம் ஆகும். அதாவது நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் ஏறக்குறைய 16 ஆள்நாட்கள்.

அதே நாற்பது பேரை, தெருவாரியாகவோ சர்வே எண் வாரியாகவோ பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, இரண்டு நாட்களில் காலையிலும் பிற்பகலிலுமாக நான்கு வேளைகளில் வரச் சொன்னால், எவரும் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க நேரிடாது. காத்திருந்த நேரத்தின் கூட்டுத்தொகை 30 மணியாகக் குறையும். மிச்சப்பட்டது 100 மணி நேரம். உத்தியோகஸ்தர் ஒரு நிமிஷமும் அதிகமாக வேலை செய்யவில்லை. சர்க்காருக்கு ஒரு காசும் அதிகச் செலவில்லை. கிராமத்திற்கோ பன்னிரண்டு ஆள்நாட்களுக்கு மேல் லாபம்! அதனோடு, என்ன என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்பதை முந்தின வாரமே பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டால், குறைக் காகிதத்தோடு வந்து திரும்பிச் செல்வோரும் குறைவர்.

நெல் கொள்முதல் நிலையத்திலும் இக்கணக்கே செல்லும். தூற்றி, ஈரம் பார்த்து, 40 கிலோ மூட்டையாக எடைபோட்டுத் தைக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிவது. குவியல் காத்துக்கிடப்பதோ சில வேளைகளில் பல நாட்கள். அதற்குள் மழை பெய்தால், 17 சதவிகித ஈரத்திற்குள் காய்ந்திருந்த நெல்லும் நனைந்து, விவசாயி மறுபடி உலர்த்த வேண்டியதாகும். சாக்குத் தீர்ந்துபோவதும், எடைபோட்ட மூட்டைகள் லாரியில் ஏறாமல் இடத்தை அடைத்துக்கொள்வதும் இத்தாமதத்திற்கு முக்கிய காரணங்களிற் சில. சாக்குக் கட்டுகளின் நடுவில், இரண்டு நாளைக்குப் போதுமான அளவு மீதமிருக்கும் இடத்தில், ஒரு சிவப்பு அட்டையைச் செருகிவைத்து, அட்டை கண்ணில் பட்ட அன்றே அடுத்த சாக்குக்கு எழுதியனுப்புவது ஒரு வழக்கமாயின், சாக்கில்லை என்ற சொல் பெரும்பாலும் எழாது. இதுவே கான்பான். விதைக் கிடங்குக்கும் உரக் கிடங்குக்கும் இது பொருந்தும்.

ஆட்களிடம் மரியாதை

இம்முறையை மேற்கொள்வோர் பலர் ஓரிடத்தில் வழுக்கி விழுகின்றனர். வீணை நீக்கு என்பதை ஆளை நீக்கு என்று பொருள் செய்துகொள்கின்றனர். வேலையை எளிதாக்கும் யோசனையை ஒருவர் சொல்லி, அதன் பலனாக அவருடைய கூலியே போய்விடுமாயின், இரண்டாவது யோசனையை எவரும் சொல்லார். டொயோட்டா கம்பெனியார் 1951-ம் வருஷத்திலேயே தொழிலாளரின் யோசனைகளைக் கேட்டுப் பரிசளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினர். தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்துத் தலைமையாளை அழைக்கலாம். உரிய நேரத்திற்குள் சரிப்படாவிட்டால் வேலை வரிசை முழுவதும் நிற்கும். இழுத்தவர் ஏச்சுக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் தொழிற்சாலை ஒன்று, ஓயாத சச்சரவாலும் கெட்ட சரக்காலும் பெயர்கெட்டு 1982-ம் வருஷத்தில் மூடப்பட்டது. 1984-ம் வருஷத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதனைத் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. கயிற்றை இழுக்கும் உரிமையும், யோசனை கூறும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைத்தன. விரைவிலேயே அங்கிருந்து வந்த வண்டிகள் தரத்தில் சிறந்தவையாக மதிக்கப்பட்டன. மண் அதுவே, விதையும் அதுவே. பண்படுத்திய விதம் வேறு.

இருப்பெல்லாம் வீணன்று

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இருப்பைக் குறைப்பதே இம்முறை என்று எண்ணி, விதைநெல்லையும் வைக்கோற்போரையும் விற்றுவிடுவது பேதைமை. 2011-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜப்பானில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தால் உறுப்புகள் கிடைக்காமல் டொயோட்டா கம்பெனியாரே திண்டாடினர். அதன் பின்னர், கிடைத்தற்கரிய மின்னணுச் சில்லுகளைப் பல மாதத் தேவைக்கு முன்கூட்டியே இருப்பு வைக்கும்படி அவற்றை அளிப்போரிடம் ஏற்பாடு செய்துகொண்டனர். 2021-ம் வருஷத்தில் உலகெங்கும் அச்சில்லுகளுக்குப் பஞ்சம் வந்தபோது, தொடக்கத்தில் மற்றக் கம்பெனிகளைவிட அவர்கள் நன்கு தாக்குப்பிடித்தனர். எந்த ஆபத்துக்காக எவ்வளவு என்று கணக்கிட்டு வைக்கும் இருப்பு காவல். ஏனென்று தெரியாமல் கிடக்கும் இருப்பே வீண். வெள்ளத்தில் நடவு அழிந்தால் மறுநடவு செய்வதற்கென்று அளவறிந்து விட்ட நாற்று முதல் வகையைச் சேர்ந்தது.

எங்ஙனம் தொடங்குவது?

இதற்கு யந்திரமோ, பண உதவியோ, மேலிடத்து உத்தரவோ வேண்டுவதில்லை. கீழ்க்கண்டவாறு ஒரு மாதம் செய்து பார்க்கலாம்.

முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டு, அது நடக்கும் இடத்திற்கே சென்று, தொடக்கமுதல் முடிவுவரை பக்கத்தில் நின்று பார்க்க. வேலை நடந்த நேரத்தையும் காத்துக்கிடந்த நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்க. எவரையும் குறை கூறற்க.

இரண்டாவது வாரத்தில் இடத்தை ஒழுங்கு செய்க. வேண்டாதவற்றை அகற்றி, வேண்டியவற்றிற்கு இடம் குறித்து, துப்புரவு செய்து, அதனை ஒரு விதியாக்கி, விடாது கடைப்பிடித்தல் என்னும் ஐந்து படிகளை ஜப்பானியர் இதற்கு வகுத்துள்ளனர். அரிவாள் மாட்டும் ஆணிக்கு மேல் சுவரில் அரிவாளின் உருவத்தை வரைந்துவிட்டால், எது திரும்பவில்லை என்பதைச் சுவரே சொல்லும்.

மூன்றாவது வாரத்தில் வேலை செய்வோரையும் சேவை பெறுவோரையும் அழைத்து, எங்கே தங்குகிறது என்று கேட்டு, ஐந்து முறை ‘ஏன்’ வினவி, செலவில்லாத ஒரு மாறுதலைச் செய்க. நான்காவது வாரத்தில் மறுபடியும் நேரத்தைக் குறித்து, முன்னதோடு ஒப்பிடுக. பலன் இருந்தால் அதனையே வழக்கமாக்குக. இல்லையேல் வேறொன்றைச் செய்து பார்க்க. இவ்வாறு சிறிது சிறிதாக இடைவிடாது திருத்திக்கொண்டே செல்வதைத்தான் ஜப்பானியர் ‘கைசென்’ என்பர்.

களையெடுப்பு ஒரு முறையோடு முடிவதன்று என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் ஒன்றை ஒரு கையொப்பத்திற்காக விவசாயி இழப்பானாயின், அவ்வருஷத்து மகசூல் குறைவதை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே கிராம உத்தியோகஸ்தர்கள் தம் அலுவலகத்து வாயிலிலும், நிலச்சுவான்தார்கள் தம் களத்திலும், இப்பருவத்திலேயே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பார்களாக. காத்திருந்த நேரத்தை முன்னும் பின்னும் ஒரு தாளில் குறித்து வைப்பின், தம் பகுதியின் செயல்விளக்க உத்தியோகஸ்தர் வரும்போது அதனைக் காட்டி, மேற்கொண்டு செய்யத்தக்கதைக் கலந்து யோசிக்கலாம்.